வாசிக்க முடியாததை வாசித்த வில்: இர்வின் அர்டிட்டியின் ‘ஃப்ரீமேன் எட்யூட்ஸ்’

ஓர் இசைத்தட்டை மதிப்பிட உட்காரும்போது, காதுக்கு இனிமையா இல்லையா என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுவது வாசகருக்குச் செய்யும் மரியாதை. இர்வின் அர்டிட்டி தனி வயலினில் வாசித்து, நியூயார்க்கின் மோட் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1990களின் முற்பாதியில் இரண்டு தட்டுகளாக வெளியிட்ட, அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் ‘ஃப்ரீமேன் எட்யூட்ஸ்’, அந்தச் சொல்லுக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் பொருளில் இனிமையானதன்று. முணுமுணுக்க ஒரு மெட்டு கிடையாது; விரலால் தட்டித் தொடர ஒரு தாளம் கிடையாது; ஓரிடத்தில் தொடங்கி வளர்ந்து உச்சம் தொட்டுத் திரும்பும் வடிவமும் கிடையாது. இருந்தும், கடந்த பல மாதங்களாக என் மேசையில் கைக்கு எட்டும் தூரத்திலேயே கிடப்பவை இந்த இரண்டு தட்டுகள்தாம். வாசிக்க முடியாது என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை ஒருவர் வாசித்துக் காட்டினார் என்ற சாதனைக் கதையாகவே இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. அந்தக் கதை உண்மைதான், அதை நானும் சொல்லப் போகிறேன். ஆனால் அதை மறந்துவிட்டுக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் இந்த இசை எனக்குப் பிடிபட்டது.

‘எட்யூட்’ என்றால் பயிற்சிக்காக எழுதப்படும் இசை. கைக்கு ஒரு குறிப்பிட்ட சிக்கலைக் கொடுத்து, அதைத் தீர்க்கப் பழக்குவது அதன் வேலை. இத்தாலிய வயலின் மேதை பாகனினி 1820இல் அச்சிட்ட, ‘கப்ரீஸ்’ எனப்படும் 24 தனி வயலின் துண்டுகளிலும் அந்த வேலை நடக்கிறது. ஆனால் அவற்றில் கடினமான இடம் வரும்போது, கடினமான இடம் வருகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், கைதட்டவும் தோன்றும். கேஜ் (1912–1992) 1977இல் இந்தத் தொகுப்பைத் தொடங்கியபோது வேறொரு வகைக் கடினத்தை நாடினார். சமகால இசைக்குப் பேராதரவு தந்த கலிபோர்னியப் புரவலர் பெட்டி ஃப்ரீமேன், வயலின் கலைஞர் பால் சூகோவ்ஸ்கிக்காக எழுதித்தருமாறு கேட்டார். தொகுப்பின் பெயர் அந்த அம்மையாருடையது. புத்தகம் ஒன்றுக்கு எட்டு வீதம் நான்கு புத்தகங்கள், மொத்தம் 32 எட்யூட்கள்.

எழுதிய முறையைச் சொன்னால் முதலில் கேட்கிறவருக்குச் சிரிப்பு வரலாம். நட்சத்திர வரைபடங்களின் மேல் கண்ணாடிபோன்ற தாளை விரித்து, விண்மீன்கள் விழுந்த இடங்களைப் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டு, அப்புள்ளிகளைச் சுரங்களாக மாற்றினார் கேஜ். எத்தனை புள்ளிகளை எடுப்பது, எது தனிச்சுரம், எது கூட்டுச்சுரம், எவ்வளவு உரத்து, எந்த வில்லடியில் என்பன போன்ற முடிவுகளைத் தன் விருப்பத்துக்கு விடாமல், ஐ சிங் என்னும் பழஞ்சீன நூலின் 64 குறிகளைக் கொண்டு குலுக்கிப்போட்டுத் தீர்மானித்தார். பியானோவுக்கான ‘எட்யூட்ஸ் ஆஸ்ட்ராலிஸ்’ தொகுப்பை 1974–75இல் அவர் இதே வழியில் எழுதியிருந்தார். வயலினில் வந்து நின்ற சிக்கல் வேறு. பியானோவில் கை எட்டும் தூரத்தில் இருக்கும் எந்தச் சுரங்களையும் சேர்த்து அழுத்தலாம். வயலினிலோ நான்கு தந்திகள், ஒரு தந்தியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம், அதுவும் இடது கையின் நான்கு விரல்கள் ஒரே சமயத்தில் எட்டக்கூடிய அகலத்துக்குள். ஆகவே, இந்தத் தந்தியில் இந்தச் சுரத்தைப் பிடித்திருக்கும்போது அடுத்த தந்தியில் எவையெவை எட்டும் என்று சூகோவ்ஸ்கியிடம் கேட்டுக் கேட்டுப் பட்டியல் தயாரித்துக்கொண்டார். குருட்டுக் குலுக்கல் என்று இதை ஒதுக்குகிறவர்கள் இந்தப் பட்டியலை மறந்துவிடுகிறார்கள். நட்சத்திரம் எங்கே விழுந்தாலும் அது ஒரு மனிதக் கை தொடக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செலவிடப்பட்ட உழைப்பு அது.

அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். வழக்கமான தாளக் குறிகள் இல்லை. காலம் சமமான அளவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, அந்த இடைவெளிக்குள் ஒரு சுரம் எங்கே விழுகிறதோ அங்கே அது ஒலிக்க வேண்டும். இரண்டு மூன்று நொடிக்குள் வரக்கூடிய ஒரு கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடித்தந்தியில் உரத்த ஒரு சுரம், வில்லைத் தந்தியில் அழுத்திப் பிடித்து வெடிக்கவிட்டு. அடுத்த கணமே மேல்தந்தியின் உச்சியில் கேட்டும் கேட்காத ஒரு சுரம், அதுவும் வழக்கமான சுரத்தானத்திலிருந்து மயிரிழை விலகி. அதன்பின் வில்லின் மரப்பகுதியால் ஒரு தட்டு. விரலால் மீட்டிய ஒரு சுரம். வில்லைத் தந்தியின் மேல் போட்டு அது தானே துள்ளும்படி விட்ட மூன்று நான்கு சிதறல்கள். இவை முடியுமுன் நான்கு தந்திகளையும் தொடும் ஒரு கூட்டுச்சுரம். வயலினின் பாலம் வளைவானது என்பதால் நான்கு தந்திகளை வில் ஒரே நேரத்தில் பிடித்து நிற்க முடியாது. கீழிருந்து மேலாக உருட்டித்தான் ஆக வேண்டும். அந்த உருட்டலுக்கும் காலம் வேண்டும், அந்தக் காலமோ பக்கத்தில் ஒதுக்கப்படவில்லை. பொதுவாக ஒரு வயலின் கலைஞர் ஒரு வில்லடிக்குள் ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கற்றவர். இங்கே ஒவ்வொரு சுரத்துக்கும் கையை முழுவதுமாக மறுபடி தயார் செய்ய வேண்டியிருக்கிறது. முந்தைய சுரம் அடுத்ததற்கு எந்த உதவியும் செய்வதில்லை.

முதல் இரண்டு புத்தகங்கள் 1980இல் முடிந்தன. மூன்றாம் புத்தகத்துக்குள் நுழைந்தபோது, 18ஆவது எட்யூடில் குலுக்கல் கேட்ட சுரங்களின் எண்ணிக்கை அளவு மீறிப் போயிற்று. இதை வாசிக்க இயலாது என்றார் சூகோவ்ஸ்கி. அவர் சோம்பேறியோ பழமைவாதியோ அல்லர். அக்காலத்தில் புதிய வயலின் இசைக்காக அவரளவுக்கு மெனக்கெட்டவர்கள் சிலரே, முதல் எட்டு எட்யூட்களை ஒலிப்பதிவு செய்தவரும் அவர்தான். அவர் முடியாது என்றால் அது முடியாது என்றே எடுத்துக்கொண்ட கேஜ் வேலையை நிறுத்தினார். எட்டு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1988இல் அர்டிட்டி இந்த எட்யூட்களை வாசிக்கக் கேட்ட கேஜுக்கு வியப்பு: எழுதியிருந்ததைவிடவும் வேகமாக வாசித்தார் இவர். ஏன் இந்த வேகம் என்று கேட்டதற்கு, முன்குறிப்பில் இயன்ற அளவு வேகமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறீர்களே என்று அர்டிட்டி பதில் சொன்னதாகக் கேஜே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பதிலில்தான் 18ஆவது எட்யூடுக்கு வழி கிடைத்தது: எழுதியிருப்பவற்றில் இயன்ற அளவு சுரங்களை வாசித்தால் போதும். கேஜின் இசையை ஆராய்ந்துவந்த ஜேம்ஸ் பிரிட்செட்டின் துணையோடு பழைய குறிப்புகளைத் தூசி தட்டி எடுத்து, 1990இல் தொகுப்பை முடித்தார். 1991இல் சூரிச்சில் அர்டிட்டி முழுத்தொகுப்பையும் அரங்கேற்றினார். இத்தட்டுகள் அதன் தொடர்ச்சியாக வந்தவை.

இங்கே ஒரு சிறு விலகல். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் 1944இல் வயலின் கலைஞர் மெனுஹினுக்காக எழுதிய தனி வயலின் சொனாட்டாவின் கடைசிப் பகுதியில் கால்சுரங்கள், அதாவது அரைச்சுர இடைவெளியையும் பாதியாக்கிய சுரங்கள், இருந்தன. அவை இல்லாத மாற்று வடிவம் ஒன்றையும் பார்டோக் கொடுத்திருந்தார். மெனுஹின் செப்பனிட்டு வெளிவந்த பதிப்பில் அந்த மாற்று வடிவமே இடம்பெற்றது. மூல வடிவம் வெளியே வரப் பல்லாண்டுகள் ஆயின. மெனுஹின் பெரும் கலைஞர், அந்த இசை பிறக்கக் காரணமே அவர். இருந்தும் எது வாசிக்கத்தக்கது என்ற அவருடைய தீர்ப்பு, ஒரு தலைமுறைக்கு அந்த இசை இதுதான் என்ற தீர்ப்பாக ஆகிவிட்டது. தனி வயலின் இசையின் வரலாற்றில் எழுதியவருக்கும் வாசிப்பவருக்கும் நடுவே இந்த இழுபறி இருந்துகொண்டே இருக்கிறது. அர்டிட்டியின் தட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வருகிறது. எழுதப்பட்டிருப்பதற்கு மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்து பார்க்கும் ஒரு பழக்கம் இவருக்கு இருக்கிறது. 1953இல் லண்டனில் பிறந்தவர். 1974இல் தன் பெயரில் நால்வர் குழுவைத் தொடங்கி, லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் முன்னணி வயலின் இருக்கையை 1980இல் விட்டுவிட்டுப் புதிய இசைக்கே தன்னைக் கொடுத்தவர். இன்னும் யாரும் வாசிக்காத பக்கத்தை மேசையில் விரித்துவைப்பது அவருக்குத் தினசரி வேலை.

இனித் தட்டுக்கு வருகிறேன். முதல் தட்டு, அதாவது ஒன்றாம் இரண்டாம் புத்தகங்கள், தொடங்கிய உடனே காதில் படுவது சுத்தம். இத்தகைய இசையில் தவறு நேர்ந்தால் யாருக்குத் தெரியும் என்று பலரும் கேட்பார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. தெரிகிறது என்பதே என் அனுபவம். உரத்த சுரத்தை அடுத்து மெல்லிய சுரம் வரும்போது, சாதாரணக் கையில் உரத்ததன் எச்சம் மெல்லியதின் மேல் படிந்துவிடும், மெல்லியது கொஞ்சம் தடித்துவிடும். அர்டிட்டியிடம் அது நடப்பதில்லை. ஒவ்வொரு ஒலியும் தன் அளவில், தன் நிறத்தில், தன் விளிம்போடு நிற்கிறது. பக்கத்துச் சுரத்தின் சாயம் ஒட்டுவதில்லை. மரத்தட்டு மரத்தட்டாகவே கேட்கிறது, உராய்வு உராய்வாகவே கேட்கிறது. சுரத்தானத்திலிருந்து சற்றே விலகும் சுரங்களில்தான் இவருடைய செவியின் நேர்த்தி புரிகிறது: அவை தவறிப்போன சுரங்களாகத் தோன்றுவதில்லை, அங்கேயே இருக்க வேண்டியவையாக, தயங்காமல் வந்து விழுகின்றன.

இதை முதல்முறை ஒலிபெருக்கியில் போட்ட அன்று, பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் ஒருவர், “இன்னும் சுருதி சேர்த்து முடியவில்லையா?” என்று கேட்டார். ஆறாவது எட்யூட் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது சிரித்துவிட்டேன், பிறகு யோசித்தபோது அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது. சுருதி சேர்க்கும்போது நாம் ஒவ்வோர் ஒலியையும் அதற்காகவே கேட்கிறோம், அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்ப்பதில்லை. இந்தத் தட்டு கேட்பவரிடம் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய அதே கவனத்தைத்தான். முதல் வாரம் முழுவதும் நான் சுரங்களுக்கிடையே தொடர்பு தேடித் தேடி அலுத்துப்போனேன். இந்தச் சுரம் அந்தச் சுரத்துக்குப் பதில் சொல்கிறதோ, இந்த உருவம் மறுபடி வருகிறதோ என்று பின்னால் ஓடினேன். ஒன்றும் வரவில்லை, வரவும் வராது; விண்மீன்களுக்குள் அப்படி ஓர் உரையாடல் நடக்கவில்லை. தேடுவதை நிறுத்திய ஒரு நாளில், எந்தக் காரணமும் இல்லாமல், பத்தாவது எட்யூடின் நடுவே வயலின் என்ற கருவியையே புதிதாகக் கேட்பதுபோல இருந்தது: தகரம், மூங்கில், கண்ணாடி, மனிதத் தொண்டை எல்லாம் ஒரு சிறு மரப்பெட்டிக்குள் இருக்கின்றன என்பது மாதிரி.

இரண்டாம் தட்டு, மூன்றாம் நான்காம் புத்தகங்கள், என் கணக்கில் இன்னும் உயர்ந்தது. பதினேழும் பதினெட்டும் கேட்பவரைச் சுவரோடு சாய்த்துவிடும் அடர்த்தி கொண்டவை. பதினெட்டில், இயன்ற அளவு வாசித்தால் போதும் என்ற சலுகை இருந்தும், அர்டிட்டி அதைச் சலுகையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுகின்றன. தனித்தனிச் சுரமாகக் கேட்கும் பழக்கத்தை முதல் தட்டில் அரும்பாடுபட்டுக் கற்றவருக்கு, அந்தப் பழக்கமே இங்கே கைகொடுக்க மறுக்கிறது. புள்ளிகள் நெருங்கி நெருங்கி ஒரு பரப்பாகிவிடுகின்றன. தூரத்திலிருந்து பார்க்கும்போது விண்மீன் கூட்டம் வெண்புகையாகத் தெரிவதை நினைத்துக்கொள்ளலாம். அதே வேளையில் இந்தப் புகைக்குள்ளும் மெல்லிய சுரங்கள் மெல்லியனவாகவே இருக்கின்றன. இவ்வளவு நெருக்கடியில் ஒலியளவைக் காப்பாற்றுவதற்குத் தேவையான கட்டுப்பாடு என்ன என்பது, வயலினைத் தோளில் வைத்துச் சில ஆண்டுகள் அல்லாடியவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

குறைகளும் உண்டு. அர்டிட்டியின் வேகம் அடர்ந்த எட்யூட்களுக்கு உயிர் கொடுக்கிறது. சுரங்கள் குறைவாக, இடைவெளி அதிகமாக இருக்கும் எட்யூட்களில் அதே அவசரம் எனக்கு உறுத்தலாக இருந்தது. கலைஞர் எதையுமே வாசிக்காத ஒரு படைப்பை எழுதி, மௌனத்தை நான்கு நிமிடம் முப்பத்துமூன்று நொடிக்கு மேடையில் உட்காரவைத்த கேஜின் இசையில், இரண்டு ஒலிகளுக்கு நடுவேயுள்ள வெறுமைக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம். விதிப்படி அவர் செய்தது சரிதான், முன்குறிப்பே வேகத்தைக் கேட்கிறது. ஆனாலும் சில இடங்களில் அடுத்த சுரத்துக்குத் தயாராகும் கையை நான் கேட்கிறேன், முடிந்துபோன சுரத்தின் அடங்கலைக் கேட்க முடியவில்லை. சூகோவ்ஸ்கியின் எட்டு எட்யூட்கள் கிடைத்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கேளுங்கள். அங்கே பொறுமை அதிகம், மின்சாரம் குறைவு. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் அர்டிட்டியைத்தான் வைத்துக்கொள்வேன், ஒரு சிறு மனக்குறையோடு.

இன்னொன்று தட்டின் குறையன்று, ஒலிப்பதிவு என்ற வடிவத்தின் குறை. மேடையில் இதை வாசிப்பவரைப் பார்க்கும்போது ஓர் உடல் படும் பாடு கண்ணெதிரே தெரியும். கேஜுக்கு அது மிக முக்கியம். உலகத்தின் நிலைமையைப் பார்த்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மனம் சோர்ந்தவர்களுக்கு, முடியாதது எனப்பட்டதை ஒருவர் செய்துகாட்டுவதைப் பார்ப்பது பயன்படும் என்று அவர் நம்பினார். தட்டில் அந்தப் பாடு மறைந்து, விளைவு மட்டும் மிஞ்சுகிறது. அர்டிட்டியின் வாசிப்பு இவ்வளவு சுத்தமாக இருப்பதே ஒருவகையில் கேஜின் நோக்கத்துக்கு எதிராக வேலை செய்கிறதோ என்றுகூடச் சில இரவுகளில் தோன்றியிருக்கிறது. தடுமாற்றம் கேட்டால்தானே தடை இருந்தது தெரியும்? ஒலிப்பதிவு வறண்டதாக, கருவிக்கு அருகிலிருந்து எடுக்கப்பட்டதாகக் கேட்பது இந்த இடத்தில் கொஞ்சம் உதவுகிறது: வில்லின் மயிர் தந்தியைப் பற்றும் கணமும் விடும் கணமும் காதருகே கேட்கின்றன. நல்ல காதொலிப்பான் இருந்தால் அதிலேயே கேளுங்கள். சமையல் செய்துகொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ கேட்பதற்கு உலகத்தில் வேறு இசை நிறைய இருக்கிறது.

ஒரே மூச்சில் 32ஐயும் கேட்க உட்காருவதும் வேண்டாம். நான் அதை இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் பாதியில் காது மரத்துப்போய் எழுந்துவிட்டேன். ஒரு வேளைக்கு மூன்று அல்லது நான்கு போதும். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான். வரிசையாகக் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒன்று அடுத்ததற்கு இட்டுச்செல்வதில்லை என்பதால் நடுவில் நுழைந்தாலும் எதையும் தவறவிட்டதாக ஆகாது. தனி வயலினில் 20ஆம் நூற்றாண்டு என்ன செய்தது என்று தெரிந்துகொள்ளப் புதிதாக வருகிறவர், பார்டோக்கின் சொனாட்டாவையும் இத்தாலிய இசையமைப்பாளர் பெரியோ தனி வயலினுக்காக 1976இல் எழுதிய எட்டாம் ‘செக்வென்ஸா’வையும் முதலில் கேட்டுவிட்டு இங்கே வருவது நல்லது. அவற்றில் பழைய ஜெர்மானிய மேதை பாகின் (Bach) நிழல் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது, பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும். இங்கே வந்த பிறகு கைப்பிடி கிடையாது.

பதினெட்டாவதை நான் இதுவரை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. எந்தெந்தச் சுரங்களை அர்டிட்டி விட்டுவிட்டார் என்று கண்டுபிடிக்கும் நோக்கத்தோடுதான் திரும்பத் திரும்பப் போட்டேன்; விடுபட்டது என்று சொல்ல ஒரே ஓர் இடமும் இன்னும் என் காதில் சிக்கவில்லை.